டிராகனுக்கு நைட் ஷிப்ட்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகளும் அவள் கூட்டாளிகளும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை. ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ தன்னை நினைத்துக்கொண்டு, பகடையை உருட்டி, வாயாலேயே சாகசம் செய்கிற விளையாட்டு. எந்தக் கற்பனை உலகத்தில் விளையாடுவது என்று முடிவு செய்யவே மத்தியானம் ஆகிவிட்டது. தட்டு வைக்க இடம் இல்லையே என்று எட்டிப் பார்த்த என்னிடம், "உனக்கு இதெல்லாம் புரியாதுப்பா" என்று மகள் கருணையோடு விளக்கத் தொடங்கினாள். நான் மறுக்கவில்லை. ஒன்பது வயதில் இதே காரியத்துக்கு எங்களுக்குப் பத்து நாள் பிடித்தது, அந்த உலகத்தை யார் யாருக்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று எனக்குப் புரிய மேற்கொண்டு இருபது வருஷம் பிடித்தது என்றெல்லாம் சொல்ல ஆரம்பித்தால் பிரியாணி ஆறிவிடும்.

அப்போது நாங்கள் கே.ஜி.எஃப். என்கிற கோலார் தங்கவயலில் ஒரு சுரங்க லைனில் குடியிருந்தோம். லைன் என்றால் ஒரே நீளக் கூரைக்கு அடியில் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு வீடுகள். முதல் வீட்டில் தும்மினால் நான்காவது வீட்டில் 'நூறாயுசு' என்பார்கள். சுவர் அவ்வளவுதான். சுரங்கத்தில் மூன்று ஷிப்ட். சங்கு ஊதினால் ஒரு கூட்டம் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்கும், இன்னொரு கூட்டம் மேலே வரும். ஆகவே பகலில் எந்நேரமும் லைனில் யாராவது ஒருவர் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பார். அந்தத் தூக்கம்தான் எங்கள் லைனின் மூலவர். காலை எட்டு மணிக்கு நடை சாத்தினால் மூன்று மணிவரை யாரும் மணியடிக்கக் கூடாது.

கிரிக்கெட்டை நாங்கள் வாய் திறக்காமல் ஆடினோம். ஸ்டம்ப் விழுந்தால் அம்பயரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவோம், அவரும் புருவத்தாலேயே தீர்ப்புச் சொல்வார். அம்மா ஆட்டுக்கல்லை மூன்று மணிக்கு மேல்தான் தொடுவாள். குழாயடிச் சண்டையும் குசுகுசுப்பாகவே நடக்கும். கெட்ட வார்த்தைகளை நான் முதலில் கற்றது காதால் அல்ல, உதட்டசைவைப் பார்த்து. பின்னாளில் அவற்றின் உச்சரிப்பைத் தெரிந்துகொண்டபோது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

இந்த மௌன லைனில், எங்கள் வீட்டில், சித்தி இருந்தாள். அம்மாவின் தங்கை. தாத்தாவும் பாட்டியும் நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டதால் சிறு வயதிலிருந்து எங்களோடுதான் வாசம். பி.யூ.சி. முடித்துவிட்டு ராபர்ட்சன்பேட்டையில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். சித்திக்கு ஒரே ஒரு குறை, அவள் சிரிப்பு. அதைக் கொஞ்சமாகச் சிரிக்க அவளுக்குத் தெரியாது. வந்தால் பித்தளைக் குடம் படியில் உருண்ட மாதிரி வரும். ஆகவே வருகிற அறிகுறி தெரிந்ததும் தாவணி முனையைப் பந்தாகச் சுருட்டி வாயில் அடைத்துக்கொள்வாள். கண்ணில் நீர் வழியும், தோள் குலுங்கும், சத்தம் மட்டும் வராது. பெண்கள் எல்லோரும் அப்படித்தான் சிரிப்பார்கள் என்று எனக்கு வெகுநாள் எண்ணம்.

பக்கத்து வீட்டு அண்ணனுக்கு லண்டனிலிருந்த பெரியப்பா கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய பெட்டி ஏப்ரல் மாதம் வந்து சேர்ந்தது. உள்ளே ஒரு தடிப் புத்தகமும், நாலு முகத்திலிருந்து இருபது முகம்வரை விதவிதமான பகடைகளும் இருந்தன. பலகையும் இல்லை, காய்களும் இல்லை. வழியில் யாரோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்று அவர்கள் வீட்டில் முடிவு கட்டி, ஒன்றும் அறியாத தபால்காரரை ஒரு வாரம் முறைத்தார்கள். பிறகு, இங்கிலீஷ் படித்த ஆள் என்று பெட்டி சித்தியிடம் வந்தது. சித்தி இரண்டு நாள் புத்தகத்தோடு உட்கார்ந்தாள். பலகையே கிடையாதாம், எல்லாம் மனசுக்குள்ளே தானாம், ஒருத்தர் கதையை நடத்த வேண்டும், மற்றவர்கள் நான் இதைச் செய்கிறேன் அதைச் செய்கிறேன் என்று சொல்ல வேண்டும், அது நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும் என்று விளக்கினாள். மடித்த கம்பளியின் மேல் உருட்டினால் பகடைச் சத்தமும் கேட்காது. ஓட்டம் இல்லை, பந்து இல்லை, கத்தல் இல்லை. இப்படியும் ஒரு விளையாட்டா என்று அம்மா உருகிப்போய், அந்த லண்டன்காரர் நன்றாக இருக்கட்டும் என்று வாழ்த்தினாள்.

ஆட்டக்காரர்கள் மூன்று பேர். நான், பன்னிரண்டு வயதுப் பக்கத்து வீட்டு அண்ணன், ஏழு வயதான அவன் தங்கை. கதையை நடத்துவது சித்தி. எந்த உலகம் என்று முதலில் தேர்ந்தெடுங்கள், பிறகு மற்றது என்றது புத்தகம். விடுமுறை முழுவதும் அந்த ஒரே உலகத்தில்தான் இருக்கப்போகிறோம். அதனால் அவசரப்படக் கூடாது என்றாள் சித்தி.

அதே கோடையில்தான் வீட்டில் சித்திக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு காரியங்களும் ஒரே கூரைக்குக் கீழே நடந்தன என்பது தவிர அவற்றுக்குள் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

முதலில் வந்தவர்கள் எங்கள் ஊரிலேயே இன்னொரு சுரங்கப் பகுதியான சாம்பியன் ரீப்ஸ்காரர்கள். மாப்பிள்ளைக்கு அண்டர்கிரவுண்டில் வேலை. அவருடைய சித்தப்பா என் அப்பாவோடு ஒரே லெவலில், ஒரே கேஜில் இறங்கி ஏறுகிறவர். லைன் பழக்கம் தெரிந்த மனிதர்கள். செருப்பை வாசலில் கழற்றும்போதே ஓசை வரவில்லை. கடித்தால் சத்தம் வரும் என்று அம்மா மிக்சர் வைக்கவில்லை, கேசரியும் வாழைப்பழமும் வைத்தாள். பெண் பார்க்கிற சடங்கு முழுவதும் காதோடு காதாக நடந்து முடிந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கே மறுநாள் சொல்லித்தான் தெரியும். தெரிந்த இடம், நல்ல பையன், நாலு தெரு தள்ளி வீடு என்று அப்பாவுக்கு முழுத் திருப்தி. மறுநாள் சித்தி நோட்டில் முதல் உலகத்தை எழுதினாள். மலைக்கு அடியில் ஒரு ராஜ்யம். அங்கே தங்கக் குவியல், அதன்மேல் ஒரு டிராகன்.

இரண்டாவதாக வந்தது ஒரு போட்டோ மட்டும். தினமும் விடிவதற்குள் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவர். அன்றைக்கு நோட்டில் இரண்டாவது உலகம் ஏறியது. ஆயிரம் கோபுரங்கள் உள்ள பட்டணம்.

மூன்றாவது கூட்டம் பேத்தமங்களாவிலிருந்து முன்னறிவிப்பு இல்லாமல் வந்தது. ஏரியை ஒட்டிக் கொஞ்சம் தக்காளித் தோட்டம், ஊர் பால் சொசைட்டியில் பால் அளக்கிற வேலை. அவர்கள் வந்தது ஒரு வார நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு. அந்த வாரம் அப்பாவுக்குப் பகல் ஷிப்ட், வீட்டில் இல்லை. ஆனால் லைனில் நாலு வீட்டில் மூலவர்கள் சயனத்தில் இருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா எங்கள் வாசலில் நின்று, ஏரிக்கு அக்கரையில் இருப்பவரைக் கூப்பிடுகிற தொண்டையில், வீட்டில் யாரும் இல்லையா என்று கேட்டார். அம்மா ஓடி வந்து உதட்டில் விரலை வைத்தாள். அந்த அம்மாள் விரலைப் பார்த்தார், கூடவே லைனையும் ஒரு பார்வை பார்த்தார். எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருக்கிறது, ஒருவரும் பேசவில்லை. அவர் முகம் மாறியது.

"ஐயையோ, யாரும்மா போயிட்டாங்க? சொல்லவே இல்லியே" என்று அதே தொண்டையில் கேட்டுவிட்டு, துக்கம் விசாரிக்கிற தோரணையில் உட்கார்ந்தார்.

நாலு வீட்டுக் கதவுகளும் திறந்து, லுங்கியோடு நாலு பேர் யார் போனது என்று பார்க்க வந்தார்கள். அடுப்படியில் சித்தி தாவணி முனையைத் தேடினாள். கைக்குக் கிடைப்பதற்குள் குடம் உருண்டுவிட்டது. மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். ஒரு நொடி யோசித்துவிட்டு அவரும் சிரித்தார். அவருடையதும் கிட்டத்தட்ட அதே அளவுக் குடம்தான். காபி வேண்டாம் என்பதைக்கூட அவர்கள் 'பேடா, பேடா' என்று கன்னடத்தில் கூவித்தான் சொன்னார்கள். அவர்கள் போன பிறகு அம்மா வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டாள். அப்பாவிடம் ராத்திரி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். சத்தக்காரங்க, நமக்குச் சரிப்படாது.

மறுநாள் நோட்டில் மூன்றாவது உலகம். ஏரி நாடு. அதில் டிராகனும் இல்லை, தங்கமும் இல்லை என்று தெரிந்ததும் எனக்கு ஆர்வம் போய்விட்டது. அங்கே போய்ச் சண்டை யாரோடு போடுவது என்று கேட்டேன்.

"யாரோட வேணா போடலாம்டா. வாய் விட்டுப் போடலாம், சத்தமாச் சிரிக்கலாம். அங்க பட்டப்பகல்ல யாரும் தூங்க மாட்டாங்க" என்றாள் சித்தி.

இது ஒரு விசேஷமா என்று நினைத்தேன். ஓட்டெடுப்பு நடந்தது. மலைக்கு அடியில் என்று நான் கை தூக்கினேன், அண்ணன் தூக்கினான். தங்கைக்கு முன்னதாகவே இரண்டு புளி மிட்டாய் கொடுத்திருந்தேன், அவளும் தூக்கினாள். என் வாழ்க்கையில் நான் ஜெயித்த ஒரே தேர்தல் அது. சித்தி நோட்டைப் புரட்டினாள். பிறகு, ஓட்டுப் போட்டது சரி, ஆனால் ஒவ்வொரு உலகத்திலும் ஒரு நாள் இருந்து பார்த்துவிட்டு மறுபடியும் சொல்லுங்கள் என்றாள். இப்படியொரு விதி புத்தகத்தில் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள். புத்தகம் இங்கிலீஷில் இருந்தது, என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

வீட்டில் மறுபக்கம் காரியம் வேகமாக நடந்தது. வரும் வெள்ளிக்கிழமை சாம்பியன் ரீப்ஸ்காரர்கள் வந்து வெற்றிலை பாக்கு மாற்றுவதாகப் பேச்சு. சித்தியைக் கேட்டபோது உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டாளாம். அவள் அப்படிச் சொன்னதில் அம்மாவுக்குப் பெருமை.

செவ்வாய்க்கிழமை கோபுரப் பட்டணத்துக்குப் போனோம். விடியற்காலை ரயில், பங்காரப்பேட்டையில் வண்டி மாற்றம், உட்கார இடம் பிடிக்கப் பகடை. கோட்டை வாசலை அடையும்போது சாயங்காலம் ஆகிவிட்டது, கடைசி ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று அண்ணன் எல்லோரையும் திருப்பி அழைத்து வந்தான். ராத்திரி அங்கேயே தங்கலாம் என்கிற யோசனை எங்களில் ஒருவருக்கும் வரவில்லை. பெங்களூர் என்பது போய்விட்டுத் திரும்புகிற இடம். சித்தி நோட்டில் அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டாள்.

புதன்கிழமை மலைக்கு அடியில். அந்த வாரம் அப்பாவுக்கு நைட் ஷிப்ட். உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். நாங்கள் முன்னறையில் கம்பளியைச் சுற்றி உட்கார்ந்து, தலையோடு தலை முட்டிக்கொண்டு விளையாடினோம்.

அண்ணனுக்கு எடுத்த எடுப்பிலேயே சந்தேகம். தங்கத்தை யாராவது குவித்து வைத்து அதன்மேல் படுப்பார்களா, தங்கம் கல்லுக்குள் அல்லவா இருக்கும், அப்படியே இருந்தாலும் கேட்டில் செக்கிங் இல்லையா என்று கேட்டான். நியாயம்தான் என்று சித்தி தங்கக் குவியலைக் கல் குவியலாக மாற்றினாள். அடுத்து, ஒரே டிராகன் இருபத்துநாலு மணி நேரமும் எப்படிக் காவல் காக்கும் என்றான். ஆகவே மூன்று டிராகன்கள், மூன்று ஷிப்ட். வார லீவுக்கு மாற்று டிராகன் ஒன்று. ஷிப்ட் மாறும்போது டோக்கன் கொடுத்து வாங்குகிற பத்து நிமிஷத்தில் உள்ளே புகுந்துவிடலாம் என்று அண்ணன் திட்டம் போட்டான். புத்தகப் படத்தில் நெருப்புக் கக்கிக்கொண்டிருந்த ஜந்து, அரை மணி நேரத்தில் பி.எஃப். பிடித்தம் உள்ள நிரந்தரத் தொழிலாளியாகிவிட்டது.

எல்லாக் கதவுகளுக்கும் சாவி நைட் ஷிப்ட் டிராகனிடம். அது டூட்டி முடிந்து வீட்டுக்கு வந்து, சாவியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறது. நானும் அண்ணனும் வீரர்கள். தங்கைக்கு வீரனாக இருக்கப் பிடிக்கவில்லை. நான் டிராகன் பொண்டாட்டி என்றாள். புத்தகத்தில் அப்படி ஒரு வேஷம் இல்லை என்று நான் ஆட்சேபித்தேன். சித்தி அனுமதித்துவிட்டாள்.

நாங்கள் பகடை உருட்டி உருட்டி டிராகன் வீட்டை நெருங்கிக்கொண்டிருந்தோம். நடுநடுவே சித்தி தங்கையிடம் திரும்பி, இப்போது நீ என்ன செய்கிறாய் என்று கேட்பாள்.

"தோசைக்கு அரைக்கிறேன்."

"ஆட்டுக்கல் சத்தம் கேக்கும். முடியாது."

"அப்ப பாட்டுப் பாடறேன்."

"அதுவும் முடியாது."

"பக்கத்து வூட்டு டிராகன் பொண்டாட்டியோட சண்டை போடறேன்."

"மெதுவாப் போடு."

தங்கை யோசித்தாள். "அப்ப நான் இன்னாதான் பண்றது, சித்தி?"

"அது எழுந்துக்கற வரைக்கும் உக்காந்துக்கினு இரு."

"நாளைக்கு?"

"நாளைக்கும் அதேதான்."

இதைச் சொல்லும்போது சித்தி அவளைப் பார்க்கவில்லை, பகடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. நாங்கள் சாவிக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம், இந்த நேரத்தில் தோசை என்ன, சண்டை என்ன. பகடையை எடுத்தேன். உருட்டுவதற்குள், ஏழு வயதுக்காரி எழுந்து நின்று, இடுப்பில் கை வைத்து, உள்ளிருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினாள்.

"யோவ், எழுந்திருய்யா. தூங்கனது போதும்."

பேத்தமங்களா அம்மாளை விட்டால், லைன் பிறந்த நாளிலிருந்து பட்டப்பகலில் அப்படியொரு குரலைக் கேட்டிருக்காது. நாலாவது வீட்டில் ஒருவர் 'தோ, ஆச்சு' என்று பதில் சொன்னது எங்களுக்கே கேட்டது. அடுப்படியில் அம்மாவின் கையிலிருந்த கரண்டி விழுந்தது. உள்ளறைக் கதவு திறந்து, கலைந்த தலையும் சிவந்த கண்ணுமாக அப்பா வந்து நின்றார்.

யார் கத்தியது என்று கேட்டார். "நான் இல்ல, டிராகன் பொண்டாட்டி" என்றாள் தங்கை. அண்ணன் ஏற்கெனவே தன் வீட்டில் இருந்தான், எப்போது போனான் என்று தெரியவில்லை. வீரர்களில் மிஞ்சியது நான்தான். இப்படிப்பட்ட சமயத்தில் வீரர்கள் என்ன செய்வார்களோ எனக்குத் தெரியாது, நான் காட்டிக் கொடுத்தேன். ஒன்றுவிடாமல் கொட்டினேன். நாங்கள் மூன்று பேரும் மலைக்கு அடியில்தான் ஓட்டுப் போட்டோம், சித்திதான் அதைக் கெடுக்கிறாள், அவளுக்கு ஏரி நாடு வேண்டும், அங்கே பகலில் யாரும் தூங்க மாட்டார்களாம், சத்தமாகச் சிரிக்கலாமாம், இது அழுகுணி ஆட்டம், நீங்களே கேளுங்கள் என்றேன்.

அப்பா என்னைக் கேட்கவில்லை. சித்தியைப் பார்த்தார்.

"சத்தமா சிரிப்பியா நீ?"

சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். அவ்வளவுக்கெல்லாம் ஒன்றும் இல்லை, குழந்தைகள் ஏதோ விளையாட்டுக்கு என்று அம்மா குறுக்கே வந்தாள். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இத்தினி வருஷமா இந்த வூட்ல கீற. நான் ஒரு நாள்கூட கேட்டதில்லியே."

"நீங்க தூங்கிக்கினு இருப்பீங்க, மாமா."

குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. நேரம் கேட்டால் நேரத்தைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். அப்பா அங்கேயே, கம்பளியின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். இருபது முகப் பகடையை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ஏரின்னா பேத்தமங்களாவா?" என்று கேட்டார்.

"ஆமா, மாமா."

அன்றைக்கு அப்பா மறுபடி படுக்கவில்லை. ஒரு டம்ளர் டீ குடித்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு சாம்பியன் ரீப்ஸ் பக்கம் போனார். தினமும் ஒரே கூண்டில் தோளோடு தோள் ஒட்டி இறங்குகிற ஆளிடம் போய், வெள்ளிக்கிழமை வர வேண்டாம் என்று சொல்வது எப்படிப்பட்ட காரியம் என்பது எனக்குத் தெரியாது. அந்த மனிதர் தீபாவளிவரை அப்பாவோடு பேசவில்லை என்று பிற்பாடு அம்மா சொல்லித்தான் தெரியும். நான் அன்றைக்கு வேறு துக்கத்தில் இருந்தேன். மூன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்த தேர்தலை, ஆட்டத்திலேயே இல்லாத ஓர் ஆள் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து ரத்து செய்துவிட்டார். ஜனநாயகத்தின் மேல் எனக்கு இருக்கும் அவநம்பிக்கை அங்கே ஆரம்பித்தது.

ஏரி நாட்டில் ஒரு நாள் இருந்து பார்க்கிற முறை எங்களுக்கு வரவே இல்லை. ஆனி மாதத்தில் சித்தி நேராகவே குடிபோய்விட்டாள். பேத்தமங்களாவில் நடந்த கல்யாணத்தில் மேளத்தைவிட மாப்பிள்ளை வீட்டார் சத்தம்தான் அதிகம். எங்கள் லைன்காரர்கள் எல்லோரும் பந்தலில் ஒரு பக்கமாக உட்கார்ந்து, ஒருவர் காதில் ஒருவர் பேசிக்கொண்டு, அமைதியாகச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். இவர்களுக்கு ஏதோ மனத்தாங்கல் என்று அந்த ஊரில் பேசிக்கொண்டார்களாம். நான் சித்தியோடு பேசவில்லை. ஒரு டிராகனுக்கு ஈடாக எதையும் ஏற்பதில்லை என்று இருந்தேன். அவள் கொடுத்த ஜாங்கிரியை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

அதற்கு அடுத்த நைட் ஷிப்ட் வாரம் வந்தது. காலையில் வந்த அப்பா குளித்துச் சாப்பிட்டுவிட்டு, அம்மாவிடம் கொஞ்சம் பஞ்சு கேட்டார். இரண்டு உருண்டை பிடித்து இரண்டு காதிலும் வைத்து அமுக்கிக்கொண்டார்.

"நீங்க பேசிக்கினு இருங்க. ரேடியோ வேணும்னா போட்டுக்கோங்க" என்றார், பஞ்சு வைத்தவர்கள் பேசுகிற உரத்த குரலில். பிறகு உள்ளறைக்குப் போய்ப் படுத்தார்.

சாத்திய கதவைப் பார்த்தபடி அம்மா வெகுநேரம் நின்றாள். எதற்குப் பஞ்சு என்று அவளிடம் கேட்கவில்லை, எனக்கே தெரிந்துவிட்டது. அப்பாவுக்குக் காது வலி. கேஜ் இறங்குகிற ஷாஃப்டில் குளிர்காற்று அடித்திருக்கும். பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய் அண்ணனிடமும் தங்கையிடமும் விஷயத்தைச் சொன்னேன். இரண்டு காதிலுமா என்று தங்கை இரக்கத்தோடு கேட்டாள். பாவம், இத்தனை வலியோடு ஒரு மனுஷர் தூங்குகிறாரே என்று, அந்த வாரம் முழுவதும் நான் முன்னைவிட மெதுவாக, நுனிக்காலிலேயே நடந்தேன்.